கோயம்பேடு விழித்திருக்கும் நேரத்தில் ஓர் இண்டெக்ஸ்

சில ஆண்டுகளுக்கு முன் தரமணியில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து, காய்கறி மொத்த வியாபாரிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கவனித்து வந்தேன்; அது போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடியது. அதன் ஆர்டர் அட்டவணையில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. வாடிக்கையாளர் எண்ணையும் தேதியையும் சேர்த்து, புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போலத் தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் வேண்டும் என்றார்கள். நள்ளிரவில் யார் ஆர்டர் போடப் போகிறார்கள் என்ற துணிச்சலில் பன்னிரண்டு மணிக்குக் 'கிரியேட் இண்டெக்ஸ்' கட்டளையை ஓடவிட்டேன். கோயம்பேட்டில் லாரிகள் வந்து சரக்கு இறங்குவதே அந்த நேரத்தில்தான் என்பது சென்னையிலேயே வளர்ந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் தொலைபேசி அலறத் தொடங்கியது.

சாதாரணக் 'கிரியேட் இண்டெக்ஸ்' ஓடி முடியும்வரை அந்த அட்டவணையைப் படிக்கலாம். ஆனால் எழுதுவதற்கு அது பூட்டப்பட்டிருப்பதால், அதில் ஒரு பதிவைக்கூடச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. ஆர்டர்கள் அத்தனையும் பூட்டு விலகுவதற்காக வரிசையில் நின்றன. கட்டளையை ரத்து செய்தேன். பூட்டு உடனே விலகியது, அதுவரை நடந்த வேலை முழுவதும் வீணானது.

மறுநாள்தான் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தேன். மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் பி-ட்ரீ என்ற வழக்கமான வகை இண்டெக்ஸைக் கட்டுவதில் அட்டவணையை முழுவதும் படிப்பது, படித்த மதிப்புகளை வரிசைப்படுத்துவது, வரிசைப்படுத்தியதை வட்டில் எழுதுவது என்று மூன்று வேலைகள் உண்டு. எங்களிடம் சிக்கியது இரண்டாவது வேலை. அதற்கு எவ்வளவு மெமரி கிடைக்கும் என்பதை 'மெயின்டனன்ஸ் வொர்க் மெம்' என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு அளவு 64 எம்பி மட்டுமே. அதற்குள் அடங்காத தரவு தற்காலிகக் கோப்புகளாக வட்டுக்குப் போய், பிறகு அங்கிருந்து ஒன்றிணைக்கப்படுகிறது. சர்வரில் எத்தனை ஜிபி மெமரி சும்மா கிடந்தாலும், நாம் சொல்லாதவரை அது தொடப்படாது.

2018-இல் வந்த போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்பிலிருந்து இந்த வேலையைப் பல வொர்க்கர்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் துணைச் செயல்முறைகள், பகிர்ந்து செய்ய முடியும். இயல்பான உச்ச வரம்பு இரண்டு வொர்க்கர்கள். பலரும் இந்த எண்ணை மட்டும் எட்டாக உயர்த்திவிட்டு, வேகம் கூடவில்லையே என்று வியக்கிறார்கள். மேலே சொன்ன 'மெயின்டனன்ஸ் வொர்க் மெம்' மெமரி ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனித்தனியாகக் கிடைப்பதில்லை. மொத்த வேலைக்கும் சேர்த்து ஒரே ஒதுக்கீடுதான். வேலையை நடத்தும் தலைமைச் செயல்முறைக்கும் ஒவ்வொரு வொர்க்கருக்கும் தலா 32 எம்பியாவது பங்கு வராவிட்டால் போஸ்ட்கிரெஸ் வொர்க்கர்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே 64 எம்பியை வைத்துக்கொண்டு எத்தனை கேட்டாலும் கூடுதலாக ஒரு வொர்க்கர்தான் வரும். மெமரியை முதலில் உயர்த்த வேண்டும். அதுவும் சர்வர் முழுமைக்கும் அல்ல, இண்டெக்ஸ் கட்டும் அந்த ஓர் இணைப்பில் மட்டும். பழைய, தேவையற்ற பதிவுகளைப் பின்னணியில் தானே துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூமும் வேறாகச் சொல்லாவிட்டால் இதே அளவைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால், பொது அமைப்பில் தாராளம் காட்டுவது ஆபத்து.

வட்டே மெதுவாக இருந்தால் இவை எதுவும் பெரிதாக உதவாது. 12-ஆம் பதிப்பிலிருந்து 'பிஜி ஸ்டாட் புரோகிரஸ் கிரியேட் இண்டெக்ஸ்' என்ற காட்சியில் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் எண்களை மாற்றுவது இருட்டில் ஊசி தேடுவது போல.

அட்டவணையில் எழுதுவதை நிறுத்தவே முடியாத இடத்தில், எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் கட்டும் 'கன்கரன்ட்லி' என்ற சொல் சேர்த்த கட்டளைதான் வழி. அது அட்டவணையை இரண்டு முறை படிக்கும். பழைய டிரான்சாக்‌ஷன்கள், அதாவது ஏற்கெனவே தொடங்கி இன்னும் முடியாத தரவுத்தளச் செயல்கள், முடியும்வரை காத்திருக்கும். யாரோ ஒருவர் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால், அவர் திரும்பும்வரை நம் வேலையும் அப்படியே நிற்கும். மொத்த நேரம் கூடினாலும் வியாபாரம் நிற்காது. இடையில் தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும்: தேடலுக்கு அது பயன்படாது, ஆனால் அட்டவணையில் எழுதும் ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்கும் செலவு தொடரும். அதை மறக்காமல் நீக்க வேண்டும். 14.0 முதல் 14.3 வரையிலான பதிப்புகளில் இந்தக் கட்டளையே இண்டெக்ஸைப் பழுதாக்கக்கூடிய பிழை இருந்து, 2022 ஜூனில் வந்த 14.4-இல் சரிசெய்யப்பட்டது, அந்தப் பதிப்புகளில் கட்டிய இண்டெக்ஸ் உங்களிடம் இன்னும் இருந்தால் மீண்டும் கட்டிவிடுவது நல்லது.

எங்கள் வேலையை எப்போது வைப்பது என்ற கேள்விக்கு இம்முறை ஊகத்தை நம்பாமல், மணிவாரியாக எத்தனை ஆர்டர்கள் பதிவாகின்றன என்று எண்ணிப் பார்த்தோம். மிகக் குறைவாக இருந்தது பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. மெமரியை 2 ஜிபியாக உயர்த்தி, 'கன்கரன்ட்லி' சேர்த்து, பட்டப்பகலில் ஓடவிட்டோம், தொலைபேசி ஒலிக்கவில்லை.