கால்வாயின் இரு கரையிலும் ஒரே கணக்கு

மண்டபத்தில் இரண்டு சர்வர்களையும், பாம்பன் கால்வாயைத் தாண்டி இராமேசுவரத்தில் ஒன்றையும் வைத்து, மூன்றையும் ஒன்றுபோல் சேர்ந்து இயங்கும் ஒரே கிளஸ்டராக இணைத்து, மீன் ஏலக் கணக்கை அதில் ஓடவிட நினைக்கிறோம் என்று கொள்வோம். ஒரு நாள் கால்வாயைக் கடந்து வரும் இணைப்பு அறுந்துபோகிறது. இரு கரைகளிலும் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு கரையின் பேச்சு மறுகரைக்கு எட்டவில்லை. இப்போது எந்தக் கரையில் எழுதப்படுவது உண்மையான கணக்கு? மேகக் கணிமைக்கான, யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றை நம்பித் தொழிலை ஒப்படைக்கலாமா என்று பார்ப்பவர், அதன் வசதிப் பட்டியலைப் படிக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

பல கணினிகளில் நிரல்களைப் பகிர்ந்து ஓட்டிக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளாகக் கூகுள் 2014-இல் வெளியிட்ட குபர்நெட்டீஸை எடுத்துக்கொள்வோம். எந்த நிரல் எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்பது முதலான அதன் நினைவு முழுவதும் எட்சிடி என்னும் சிறு தரவுத்தளத்தில் இருக்கிறது. எட்சிடி பின்பற்றுவது டியெகோ ஒங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் முறையை. கணினிகளுள் ஒன்று தலைவராக இருந்து, இயல்பான அமைப்பில் 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு வினாடி அந்தக் குரல் வரவில்லையென்றால், மற்றவை வாக்களித்துப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும். பெரும்பான்மைக் கணினிகள் தம் வட்டில் எழுதிய பிறகே எந்தப் பதிவும் உறுதியாகும். ஆகவே இணைப்பு அறுந்தால், தலைவர் இராமேசுவரத்தில் இருந்தாலும்கூட, மண்டபத்தின் இரண்டும் தமக்குள் புதிய தலைவரைத் தேர்ந்து வேலையைத் தொடரும். தனித்துப்போன ஒன்று எழுத மறுத்துவிடும். பாதுகாப்புக்கென்று இராமேசுவரத்தில் இன்னொன்றைச் சேர்த்து நான்காக்கினால், பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும் என்பதால், இரண்டு கரையுமே நின்றுபோகும். ஒற்றைப்படை எண்ணில் கணினிகளை வைப்பதன் காரணம் இதுதான்.

இதை எழுத்தில் படிப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. இராமநாதபுரத்தில் எங்கள் அலுவலக மேசையில் மூன்று சிறு கணினிகளை வைத்துத் தலைவரின் கேபிளைப் பிடுங்கினோம். திரையில் ஓடிய எண்கள் ஓரிரு வினாடி நின்று, மறுபடி ஓடின. அடுத்த கேபிளையும் பிடுங்கியதும் எண்கள் அப்படியே உறைந்துவிட்டன. “அண்ணே, இது செத்துப்போச்சா?” என்று உடனிருந்த தம்பி பதறினார். சாகவில்லை, ஏற்கெனவே தொடங்கிய நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெரும்பான்மை இல்லாத இடத்தில் புதிதாக எதையும் எழுதேன் என்று அது நின்றதே அதன் நேர்மை. அந்த நிலையிலும் எழுதியிருந்தால் அன்றே அந்த மென்பொருளை ஒதுக்கியிருப்பேன்.

அடுத்த சோதனை மின்சாரம். வரிசையாக எண்களை எழுதச் செய்து, ‘எழுதியாயிற்று’ என்று பதில் வந்த கடைசி எண்ணை வேறொரு கணினியில் குறித்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்க வேண்டும். மறுபடி மின்சாரம் கொடுத்தபின் அந்த எண் வட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த ஒரு வட்டில் கடைசிச் சில எண்கள் எங்களுக்குக் காணாமல் போயின. வட்டு தன் தற்காலிக நினைவில் மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாகச் சொன்னதே காரணம். மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடியிலிருக்கும் வட்டு பொய் சொன்னால் ராஃப்ட் என்ன செய்யும்? மின்சாரம் போனாலும் மிச்சத்தை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி உள்ள வட்டுகளையே அதன்பின் வாங்கினோம்.

மென்பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களையும் பார்க்க வேண்டும். மேகச் சர்வர்களை எழுதிவைத்த விவரப்படி அமைத்துத் தரும் டெர்ராஃபார்ம் என்னும் கருவியின் திறந்த மூல உரிமத்தை அதன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் மாற்றியபோது, பழைய உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்னும் தனித் திட்டம் பிரிந்து வந்தது. ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் திட்டத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. 2024 மார்ச்சில், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் நிரலில் ஒருவர் அத்துமீறி நுழைய இரகசியமாகக் கதவு வைத்திருந்ததை, உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் நிரலாளர் கண்டுபிடித்தார். உலகமே நம்பியிருந்த அந்த நிரலைப் பல ஆண்டுகள் பராமரித்தவர் பெரும்பாலும் தனி ஒருவர்.

குபர்நெட்டீஸின் புதிய பதிப்பு ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதங்களே பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். பதிப்புகளைத் தாண்டிக் குதிக்காமல் ஒவ்வொன்றாகவே ஏற வேண்டும். ஆகவே தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, மாற்றும் வேலைக்கு எப்போது நேரம் ஒதுக்குவோம் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். இங்கே அதற்கு இயல்பாகவே ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் பழுதுபார்க்கப்படும், ஏலமும் குறையும். அதில் ஒரு நாளைக் குறித்து, முந்தைய நாள் எட்சிடியின் நகலையும் ஏலத் தரவுத்தளத்தின் நகலையும் புதிதாக நிறுவிய வேறொரு கணினியில் மீட்டெடுத்து, கடைசி மீன் ஏல ரசீதின் எண்ணைக் காகிதப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே முதல் சர்வரில் கை வைக்க வேண்டும்.