நூல் பிரியுதா? டென்ஷன் திருகில் கை வைக்காதீங்க

கரூர், ஈரோடு வட்டாரத்தில் எம்பிராய்டரி மெஷின் சர்வீஸ் பார்ப்பது என் பிழைப்பு. பெட்ஷீட், டவல் எல்லாம் ஒழுங்காக ஓடிய மெஷின், குயில்ட் பிளாக் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற விரிப்பின் ஒரு சதுரம்) ஏற்றிய அன்றைக்கு மட்டும் நூலைப் பிய்த்துப் போடும். உடனே எனக்குப் போன் வரும்.

போன மாதம் அப்படித்தான், வீட்டிலேயே ஒற்றை ஊசி மெஷின் வைத்து ஆர்டர் செய்கிற ஒரு தங்கச்சி கூப்பிட்டது. "அண்ணா, நூல் டூப்ளிகேட்டுங்க. மூணு கடை மாத்திட்டேன், எல்லாம் ஒரே கதைதான்." போய்ப் பார்த்தால் 12 அங்குல பிளாக். மேலே துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த எட்டுமுனை நட்சத்திரம், நடுவில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட், அடியில் துணியைத் தாங்கும் பேப்பர். மூன்றும் நகராமல் இருக்க ஸ்ப்ரே பசை. நான் போவதற்குள் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகை, முழுசாக லூஸ் பண்ணியிருந்தது. துணியின் அடிப்பக்கம் கோழி கிளறின குப்பை மாதிரி ஒரே வளையம்.

அறுந்த நூல் எங்கே என்று கேட்டேன். கூட்டித் தள்ளிவிட்டதாம். குப்பைக் கூடையைக் கிளறி எடுத்தோம்.

பாதிப் பதில் அந்த நுனியில்தான் இருக்கும். கத்தரியால் வெட்டினது போலத் துப்புரவாக இருந்தால், எங்கேயோ ஒரு கூர்மையான விளிம்பு வெட்டுகிறது. சுருண்டு, நீண்டு மெலிந்து அறுந்திருந்தால் இழுவிசை அதிகம். டென்ஷன் பக்கம் போக வேண்டியது அப்போதுதான். நுனியில் கடுகு போலக் குட்டி உருண்டை தட்டுப்பட்டால் பாலியஸ்டர் நூல் சூட்டில் உருகியிருக்கிறது. பெயின்ட் பிரஷ் போலப் பிரிந்து, அதற்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு ரோமம் கிளம்பியிருந்தால் உராய்வு. தங்கச்சி வீட்டில் கிடைத்தது கடைசி ரகம்.

உராய்வு எங்கிருந்து வருகிறது? ஊசியின் முன்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும். எம்பிராய்டரிக்கு வழக்கமான 40-ஆம் நம்பர் நூலுக்கு 75/11 அளவு ஊசி சாதாரணத் துணியில் போதும். பஞ்சு ஷீட் அப்படி விடாது. துளையை நாலாபக்கமும் நெருக்கி ஊசியைக் கவ்வும். நூல் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி பஞ்சில் தேயும். அதுவும் ஒருமுறை தேய்ந்து போவதில்லை. துணியில் உட்காருவதற்கு முன் ஒரே நூல்பகுதி ஊசிக் காதுக்குள் பல பத்து தடவை மேலும் கீழும் போய் வருகிறது. காது கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் ரம்பம்தான். அதைவிடத் தடித்த 90/14 ஊசி போட்டால் துளையும் பெரிது, பள்ளமும் ஆழம், காதும் அகலம்.

அந்த வீட்டு ஊசியைக் கழற்றி நகத்தின் மேல் இழுத்தேன், கோடு விழுந்தது. முனை சிதைந்து பிசிறு நிற்கிறது. பசையும் காதைச் சுற்றி கரும்புப் பாகு மாதிரி அப்பியிருந்தது. "எப்போ மாத்தினே?" "மாத்தணுங்களா?" ஒரு டீ காசு பெறாத சமாச்சாரத்துக்கு மூணு கடை நூல்! எட்டு மணி நேரம் ஓடினால் ஊசியைத் தூக்கிப் போடுங்கள். ஸ்ப்ரே அடிக்கிற வேலை என்றால் அதற்கும் முன்பே. துணியில் இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் மணிக்கணக்கே வேண்டாம்.

ஊசி மாற்றியதும் பிளாக் ஓடியது. நட்சத்திரத்தின் நடுவுக்கு வந்ததும் மறுபடி பிரிந்தது. இதுவும் ஒரு தடயம்தான். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரே இடத்தில் அறுந்தால் குறை டிசைனிலோ துணியிலோ. இடம் மாறி மாறி அறுந்தால் ஊசி, நூல், மெஷின். எட்டுத் துண்டின் தையல் மடிப்பும் கூடுகிற நடுப்புள்ளியில், பஞ்ச் செய்தவர் (டிசைனைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றியவர்) இரண்டு நிரப்புத் தையலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தார். வரி இடைவெளி வழக்கமான 0.40 மில்லிமீட்டர். அடியிலிருந்ததை எடுத்துவிட்டு, மேலுள்ளதை 0.50 ஆக்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குட்டித் தையல்களை நீக்கச் சொன்னேன். வேகத்தையும் நிமிடத்துக்கு 800 தையலிலிருந்து 600-க்கு இறக்கினோம். அதோடு நின்றது.

பல ஊசி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. எத்தனையாவது ஊசியில் அறுகிறது என்று சுவரிலேயே கோடு போட்டு வாருங்கள். ஒரே ஊசியில் என்றால் அதன் நூல்வழியைப் பாருங்கள், கோனை (நூல் சுற்றிய உருளையை) அடுத்த ஊசிக்கு மாற்றுங்கள். தொல்லையும் கூடவே போனால் நூல் கெட்டது. தகர ஷெட்டில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் வெயில் காய்ந்த ரேயான் கோன் இப்படித்தான் பழிவாங்கும். எல்லா ஊசியிலும் அறுந்தால் எல்லா ஊசிக்கும் பொதுவான ஹூக்கையும் (அடியில் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) நீடில் பிளேட்டையும் (ஊசி இறங்கும் துளையுள்ள தகடு) பாருங்கள். ஊசி என்றைக்காவது பிளேட்டில் மோதி முறிந்திருந்தால் துளை விளிம்பில் பிசிறு நிற்கும். விரலுக்குத் தெரியாது. பழைய நைலான் சாக்ஸைத் தேய்த்துப் பாருங்கள், மாட்டும். நயமான உப்புத்தாளை நூல்போலக் கீறித் துளைக்குள் இழுத்தால் சரியாகும். ஹூக் முனையை மட்டும் நீங்களே தேய்க்காதீர்கள். அரை நிமிட ஆர்வத்தில் ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற டைமிங்கே போய்விடும்.

பஞ்சு வேலை முடிந்தால் பாபின் கேஸை (அடிநூல் உட்காரும் கூடு) கழற்றித் தூசி எடுங்கள். நூல் மாற்றும்போது கோன் பக்கமாக வெட்டி, ஊசி வழியாக முன்னால் உருவுங்கள். பின்னால் இழுத்தால் பிசிறெல்லாம் டென்ஷன் தட்டில் தங்கிவிடும்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை அறுந்த நுனியையும் கழற்றின ஊசியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். கூட்டித் தள்ளிவிடாதீர்கள்.