எந்த மாதையன்?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்ப் பால் கணக்கு நோட்டில் நான்கு மாதையன்கள் உண்டு. கிணத்துமேட்டு மாதையன், கடைக்கார மாதையன், நெட்டை மாதையன், நாலாவது வெறும் மாதையன். அடைமொழி இல்லாத அந்த நாலாவது ஆள்தான் பாவம், அவசரத்தில் எவர் ஊற்றிய பாலும் அவர் பெயரில் ஏறிவிடும், அவர் ஊற்றியது வேறெங்காவது போய்விடும்.

இத்தனைக்கும் ஊற்றுகிறவர்கள் நாற்பது பேர்தான். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பிறந்தநாளை வைத்துச் சொல்வார்கள். வருஷத்துக்கு 365 நாள் இருந்தும், ஓர் அறையில் 23 பேர் கூடினாலே யாரோ இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். நாம் ஆட்களை எண்ணுகிறோம், ஜோடிகளை எண்ணுவதில்லை, அதனால்தான் நம்ப முடிவதில்லை. 23 பேருக்குள் 253 ஜோடி இருக்கிறது, ஒவ்வொரு ஜோடியும் ஒரு குலுக்கல்.

பிறந்தநாளாவது வருஷம் முழுக்க ஓரளவு பரவிக் கிடக்கிறது. பெயர் ஒரே இடத்தில் குவியும். மாதேஸ்வரன் மலைச் சாமியைக் கும்பிடும் குடும்பங்களில் மாதையன், மாதேஷ், மாதம்மாள், அரூர்ப் பக்கம் தீர்த்தமலையை ஒட்டித் தீர்த்தகிரி, முனியப்பன் எங்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு. ஒரு பேச்சுக்கு, வட்டாரத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஒரே பெயர் என்று வையுங்கள். 40 பேர் கூடும் இடத்தில் அந்த ஒரு பெயரிலேயே இரண்டு பேராவது இருக்க 60 சதவீத வாய்ப்பு. மற்ற பெயர்களிலும் இப்படி இரண்டு பேர் மோதுவதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

சரி, அதற்குத்தானே இனிஷியல்? அது உதவும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. இருபது எழுத்துகளில் இனிஷியல் சமமாகப் பரவினால் பெயர்ப் பட்டியல் இருபது மடங்காகிறது, ஆனால் மோதாமல் தாங்கும் கூட்டம் அதன் வர்க்கமூலத்துக்குத்தான் பெருகும், அதாவது நாலரை மடங்கு. 100 பெயர்கள் சமமாகப் புழங்கும் ஊரில் 13 பேர் சேர்ந்தாலே மோதல் வாய்ப்பு பாதியைத் தாண்டும். இனிஷியல் போட்டால் ஐம்பத்துச் சொச்சம் பேர் வரை தள்ளலாம், அவ்வளவே. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே ஓ, அதே பன்னீர்செல்வம் என்று வேறு சிலரும் நின்றார்கள். (இது தற்செயல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் நான் மறுக்கப் போவதில்லை.) வாக்குச்சீட்டில் வேட்பாளர் படம் போடும் முறையை 2015-இல் தேர்தல் ஆணையம் கொண்டுவந்ததே இந்தப் பெயர்க் குழப்பத்துக்காகத்தான்.

பிரபலங்களின் பட்டியலுக்கு இன்னொரு குணம் உண்டு. பால் நோட்டில் மாடு விற்றவர் பெயரை அடித்துவிடுவார்கள், வரலாற்றில் யாரையும் அடிப்பதில்லை, பட்டியல் நீண்டுகொண்டே போகும். பாப்பாரப்பட்டியில் 1925-இல் இறந்த சுப்பிரமணிய சிவா, அவர் காலத்திலேயே சுப்பிரமணிய பாரதி, பிறகு பசுமைப் புரட்சிக்கால உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். பாரதிக்கும் இனிஷியல் சி தான். அவருக்கு அது சின்னச்சாமி, அமைச்சருக்குச் சிதம்பரம். போதாக்குறைக்குப் புகழே பெயரைப் பெருக்குகிறது: 1953 மார்ச் 1-இல் பிறந்த குழந்தைக்கு, மார்ச் 5-இல் இறந்த சோவியத் தலைவரின் பெயர் வைக்கப்பட்டது. மு.க. ஸ்டாலினைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான். தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஔவை ஒருத்தி, ஆத்திசூடி எழுதிய ஔவை வேறொருத்தி என்று ஆய்வாளர்கள் சொல்வதற்குக் காரணம், முதலாமவர் பாட்டில் அஞ்சி என்ற அந்த அதியமானும் அவன் போர்களும் சங்கத் தமிழும் வருகின்றன, மற்றவரின் மொழி பல நூற்றாண்டு பிந்தியது. அதியன் என்பதும் குடிப்பெயர், பலருக்குப் பொருந்தும். ஜம்பையில் 1981-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டில் வெறும் அதியன் என்று மட்டும் இருந்திருந்தால் இழுபறிதான். 'அதியன் நெடுமான் அஞ்சி' என்று சேர்ந்து வந்ததால் சங்கப் பாட்டின் ஆளோடு பொருத்த முடிந்தது.

கணினியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே பெயரில் வந்த ஆய்வுக் கட்டுரைகளில், உடன் எழுதியவர், நிறுவனம், துறை, ஆண்டு எல்லாம் ஒத்துப்போகிறவற்றை ஒரு குவியலாகச் சேர்க்கும், ஒரு குவியல் ஒரு ஆள். ஆனால் அந்த ஆளே வேலையும் துறையும் மாற்றிக்கொண்டால் இரண்டாக உடைந்துவிடுவார். அதனால் 2012-லிருந்து ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் தருகிறார்கள். கடைசி இலக்கம் முந்தைய பதினைந்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது, நடுவில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பால் நோட்டிலும் இப்போது எண் வந்துவிட்டது. நாலாவது மாதையனுக்கு 31. அவரை இப்போது ஊரில் 'முப்பத்தொண்ணு மாதையன்' என்கிறார்கள்.