மீனைக் குற்றம் சொல்லாதீர்கள், ஐஸைக் கேட்டு வாங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அயிலைக் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்து, தலை விண்விண்ணென்று தெறிக்க, நெஞ்சு படபடக்க ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார்கள். "மீன் அலர்ஜிங்க சார், இனிமே மீனே வாங்கறதில்ல" என்று வீடே முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறது. கூட வந்த தம்பிக்கும் காது மடல் சிவந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. போன மாதம் இதே அயிலையை இதே வீட்டில் அத்தனை பேரும் ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து இப்படி வீடு மாற்றி வீடு வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, ஹிஸ்டமின் நச்சு. சூரை, அயிலை, மத்தி, நெத்திலி, வஞ்சிரம் போன்ற கடல் மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பு சுரக்கிற அதே பொருளை, இங்கே குழம்போடு சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறோம். அறிகுறிகள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

"நல்லா கொதிக்க வெச்சுட்டா எல்லாம் செத்துடும்." எத்தனை முறை விளக்கினாலும் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியம் இது. சாவது பாக்டீரியா மட்டும்தான். அது உண்டாக்கி வைத்துவிட்ட ஹிஸ்டமின் சாகாது. சாவதற்கு அது உயிர்ப்பொருளே இல்லை. கொதிக்கிற குழம்பு 100 டிகிரி, குக்கருக்குள் 120, வறுக்கிற எண்ணெய் 180. இந்த மூன்றிலும் அது அப்படியே இருக்கும். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம் வைத்தாலும் அப்படியே இருக்கும். கல் உப்புப் போட்டுத் தேய்ப்பது, மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், கெட்டிப் புளி எல்லாம் கவிச்சியைப் போக்கும், ஹிஸ்டமினைப் போக்காது. அதற்கு நாற்றமே கிடையாது. நேற்று வெயிலில் கிடந்து, இன்று காலை ஐஸில் புதைத்து வைத்த மீன் கண்ணுக்கு ஓரளவு நன்றாகவே தெரியலாம். அந்த வெயிலில் உண்டானதை இன்றைய ஐஸ் திருப்பி எடுத்துவிடாது.

பழி மட்டும் மோர் மேல் விழும். "மீன் தின்னுட்டு மோர் குடிச்சான், அதான் உடம்பெல்லாம் சிவந்துபோச்சு" என்பார்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பாவம், மோரை விட்டுவிடுங்கள்.

சேலத்துக்குக் கடல் கிடையாது. கடல் மீன் எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறினாலும் பல மணி நேரம் பெட்டியில் வந்துதான் இறங்குகிறது. அந்தப் பயணம் உங்கள் கையில் இல்லை. கடையிலிருந்து அடுப்புவரை உள்ள பயணம் உங்கள் கையில்தான் இருக்கிறது, சொதப்பலில் பாதி அங்கேதான் நடக்கிறது. சூரமங்கலத்தில் காலை 8 மணிக்கு மீனை வாங்கி, மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டி ஹேண்டிலில் மாட்டி, அப்படியே காய்கறிக்கும் மளிகைக்கும் சுற்றிவிட்டு 11 மணிக்கு வீடு சேர்வது. இல்லையென்றால் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போவது. மேலே குளிராகத்தான் இருக்கும். அடிவாரம் தாண்டும்வரை டிக்கிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மீன் வாங்கப் போகும்போது மூடி போட்ட தெர்மாகோல் பெட்டியோ பெரிய தூக்குப் போசியோ கொண்டு போங்கள். "ஐஸ் அள்ளிப் போடுங்கண்ணா" என்று கேட்க வெட்கம் எதற்கு? நகருக்குள் என்றால் ஒரு கிலோ மீனுக்கு அரை கிலோ ஐஸ், மலையேறுவதென்றால் ஒரு கிலோ. மீனுக்கு அடியிலும் ஐஸ், மேலேயும் ஐஸ். குடல், செவுளைக் கடையிலேயே எடுக்கச் சொல்லுங்கள், பாக்டீரியா அதிகம் குடியிருப்பது அங்கேதான். மீனைக் கடைசியாக வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கவனியுங்கள். செவுள் சிவப்பாக, கண் துருத்திக்கொண்டு தெளிவாக, சதை அழுத்தினால் மீள்வதாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தி மீன் என்றால் கூடுதலாக வயிற்றைப் பாருங்கள். வயிறு உடைந்த மத்தியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்த தப்பு, மசாலா தடவி மதியம் முழுக்க மேடையில் வைப்பது. மீன் கோழி இல்லை. உப்பும் காரமும் பிடிக்க 15 நிமிடம் போதும். அதற்குமேல் வைப்பதாக இருந்தால் மூடி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். உறைந்த மீனையும் சிங்க்கில் போட்டு இளக்காதீர்கள், முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதும் "எதுக்கு வம்பு" என்று மீனையே விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. மத்தியும் அயிலையும் விலை குறைவு, ஒமேகா 3 கொழுப்பு அதிகம், சின்ன மீன் என்பதால் பாதரசமும் குறைவு. கர்ப்பிணிகளும் சாப்பிடலாம். வாரம் இரண்டு நாள் இருக்கட்டும். அரை மணி நேரத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும்.

நான்கு பேருக்கு முக்கால் கிலோ மத்தி, சுத்தம் செய்தால் அரை கிலோ தேறும். அதை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு முதலில் குழம்பைக் கூட்டுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அளந்து ஊற்றுங்கள். கால் தேக்கரண்டி வெந்தயம் சிவந்ததும் சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், கறிவேப்பிலை. வதங்கியதும் இரண்டு தக்காளி. அது கரைந்ததும் குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி. ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் உப்பு ஒரு தேக்கரண்டி போதும். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மாங்காய்க் காலத்தில் புளியைப் பாதியாக்கிப் புளிப்பான மாங்காய் நான்கு துண்டு போடலாம். பச்சை வாசனை போய் ஓரத்தில் எண்ணெய் மினுங்க 10 நிமிடம் ஆகும். மீனை அதற்கப்புறம்தான் போட வேண்டும். தீயைக் குறைத்து, மத்திக்கு 5 நிமிடம், அயிலைத் துண்டுக்கு 8 நிமிடம். கரண்டி போட்டுக் கிளறினால் உடைந்துவிடும், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஒரு மீனை எடுத்து முதுகுப் பக்கம் விரலால் தள்ளிப் பாருங்கள். சதை நடுமுள்ளை விட்டு வெள்ளையாகக் கழன்றால் வெந்துவிட்டது. பயத்தில் இன்னும் 20 நிமிடம் கொதிக்கவிட்டால் சக்கைதான் மிஞ்சும், பாதுகாப்பு அதிகமாகாது. கடைசியில் ஏற்காட்டு மிளகு அரைத் தேக்கரண்டி தட்டிப் போட்டு மூடி, 10 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் ராகிக் களி கிண்டி, ஒரு முருங்கைக்கீரைப் பொரியல் செய்துவிடலாம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும்; மீன் வேக 63 போதும், கவலை வேண்டாம். சோறுதான் லேட்டாகும்.

இனி, சாப்பிட்ட பிறகு சிவந்துவிட்டால். வாயில் மிளகைக் கடித்ததுபோல் சுருசுருவென்று இருந்தாலே அந்தத் தட்டை அப்படியே தள்ளி வையுங்கள், வீட்டில் மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அலர்ஜியா நச்சா என்று பட்டிமன்றம் நடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். என்ன மீன், எப்போது வாங்கியது, எப்போது சாப்பிட்டது, இன்னும் யாருக்கு என்ன ஆயிற்று: இந்த நான்கையும் சொல்லுங்கள். இளம் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "வேற யாருக்காவது?" என்று கேட்காமல் சீட்டில் 'மீன் அலர்ஜி' என்று எழுதிவிடாதீர்கள், அந்த ஒரு வரி ஒருவரை ஆயுள் முழுக்க மீன் இல்லாமல் ஆக்கிவிடும். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களுக்கு இந்த நச்சு இன்னும் கடுமையாகத் தாக்கும், ஏனென்றால் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுக்கிறது. அந்த வீடுகளில் மீன் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும்.

நேற்றைய மீன் குழம்புக்கு உள்ள ருசி தெரியாமல் இல்லை. அந்த ருசி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வரும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் 11 மணிக்குள் மீதியை உள்ளே வைத்துவிடுங்கள். சட்டி நுழையவில்லை என்றால் இரண்டு டப்பாவில் பிரித்து ஊற்றுங்கள். விடிய விடிய அடுப்பு மேலேயே இருந்ததைக் காலையில் சுட வைத்து இட்லிக்கு ஊற்றாதீர்கள், குழந்தைகள் தட்டில் கண்டிப்பாக வேண்டாம்.