எக்கோ ரிப்போர்ட்டில் 40 என்று இருந்தால்

மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களின் ஃபைலில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று இருக்கும். எல்லோரும் அதில் தேடுவது இ.எஃப். (எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்) என்ற ஒரே எண்ணைத்தான். 40 என்று போட்டிருந்தால், "ஹார்ட் 40 சதவீதம்தான் வேலை செய்யுதாம்" என்று சொந்தபந்தம் முழுக்க போன் பறக்கும். கணக்கு அப்படி இல்லை.

இதயத்தின் இடது கீழறை விரிந்து நிற்கும்போது அதில் 120 மில்லி ரத்தம் இருக்கிறது, சுருங்கிய பிறகு 50 மில்லி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேறியது 70 மில்லி, அதாவது 58 சதவீதம். இதுதான் இ.எஃப். நல்ல இதயத்திலேயே இது ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான். நூறு யாருக்கும் கிடையாது.

இந்த அளவை எடுத்துத் தருவது ஒலி. நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடும். எக்கோ கருவி அனுப்புவது 20 லட்சம் முதல் 50 லட்சம். உடல் திசுவுக்குள் ஒலி வினாடிக்கு சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, சுவர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடும். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. ஜில்லென்ற அந்த ஜெல்லைத் தடவுவது அதற்காகத்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும், காற்று நிறைந்த நுரையீரல் சற்று விலகி இதயம் விலா எலும்புக்கருகில் வரட்டும் என்றுதான்.

சுவீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் 1953இல் இதைத் தொடங்கினார்கள். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட கருவிதான் அவர்களுக்கு வழி காட்டியது!

என்னைக் கேட்டால், மாரடைப்புக்குப் பிறகு அந்த எண்ணைவிட முக்கியமானது சுவரின் அசைவு. நலமான தசை சுருங்கும்போது உள்நோக்கி வரும், தடிக்கவும் செய்யும். ரத்தம் கிடைக்காத தசை தடிக்காது. பக்கத்துத் தசை இழுப்பதால் கொஞ்சம் நகரலாம், அவ்வளவுதான். முற்றிலும் செத்துத் தழும்பான இடமோ மெலிந்துபோய், மற்ற பகுதிகள் சுருங்கும்போது வெளியே புடைக்கவும் செய்யலாம். சுவரை 17 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். முன்சுவரும் நுனியும் அசையவில்லை என்றால், இடது முன்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஊகிக்கலாம்.

அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல. அடைப்பை நீக்கிய பிறகும் சில தசைகள் உயிரோடு, ஆனால் மரத்துப்போய்க் கிடக்கும். அவை மீள நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். முதல் நாள் 35 காட்டியவருக்கு அப்புறம் 45 வரலாம். துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை நெஞ்சில் பொருத்துவதா என்று முடிவெடுக்க, பொதுவாகக் குறைந்தது 40 நாட்களாவது காத்திருந்து மறுபடி எக்கோ பார்ப்பது இதனால்தான்.

எண் நன்றாக இருந்தும் ஏமாற்றுவது உண்டு. மாரடைப்பில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வைத் தாங்கும் தசை பழுதானால், ரத்தத்தின் ஒரு பகுதி பின்னோக்கி மேலறைக்கே கசியும். கீழறையை விட்டுப் போன ரத்தம் என்று இ.எஃப். அதையும் சேர்த்துக்கொள்வதால், 60 என்று காட்டிக்கொண்டே நோயாளிக்கு மூச்சு வாங்கும். இதைக் கண்டுபிடிக்க, ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் முறை வேண்டும்: கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பாகவும் விலகிப் போவது நீலமாகவும் தெரியும், கசிவு இருக்கும் இடத்தில் நிறங்கள் கலங்கிப் பீறிடும்.

இன்னொன்று, கீழறையின் எல்லைக்கோட்டை வரைபவர் மாறினால் இ.எஃப். ஐந்து புள்ளி கூடவோ குறையவோ செய்யலாம். 45 போய் 42 வந்ததென்று பதற வேண்டாம். அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தத் துண்டு அப்போது அசையவில்லை, இப்போது அசைகிறதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.