தூக்கம், பசி, அடுத்து மாதத் தவணை

மனநல மருத்துவரிடம் முதன்முறை வரும் எவரிடமும் கேட்டாக வேண்டிய கேள்விகள் சில உண்டு. தூக்கம் எப்படி இருக்கிறது, பசிக்கிறதா, வேலையில் மனம் ஊன்றுகிறதா, குடிப்பழக்கம் உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா. சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொன்றையும் கேட்டு வருகிறேன்: "மாதம் எவ்வளவு தவணை கட்டுகிறீர்கள்?"

மற்றக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்பவர்கள் இதற்குத் தயங்குவார்கள். கூட வந்த மனைவியையோ அப்பாவையோ பார்த்துவிட்டு, "அதெல்லாம் சமாளித்துக்கொண்டிருக்கிறேன் டாக்டர்" என்பார்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்டால்தான் கணக்கு வெளியே வரும்.

இவர்களில் பெரும்பாலோர் நேராக என்னிடம் வருவதில்லை. படபடப்பு, நெஞ்சு இறுக்கம், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு என்று முதலில் பொது மருத்துவரிடம் போகிறார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்க, அங்கிருந்து அனுப்பப்படுகிறார்கள். ஒருவரைச் சொல்கிறேன், பலருடைய கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வயது முப்பதுகளில். மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. பைக் தவணை, பெரிய டிவி, வீட்டில் ஆளுக்கொரு செல்போன், மகளின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்ததில் ஒரு தனிநபர் கடன், அந்தக் கடனைக் கட்ட மனைவிக்குத் தெரியாமல் ஒரு கிரெடிட் கார்டு, கார்டைக் கட்ட செல்போன் செயலியில் ஒரு கடன். சூதாட்டம் இல்லை, குடி இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வீட்டார் முகம் மலர வேண்டும் என்று வாங்கியதுதான். அவர் கேட்டது இது: "எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஏன் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை?"

அவரை ஊதாரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல அப்பா என்றால் மகளுக்கு இது செய்வார், முன்னேறியவன் வீட்டில் இது இருக்கும் என்று காலை முதல் இரவு வரை அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் நம்பினார். நம்பியதற்கான விலையை அவர் உடம்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வாங்கிய பொருள் ஏன் சொன்னபடி மகிழ்ச்சி தரவில்லை என்பதற்கு மூளை ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கைப் பார்த்ததும் துடித்தன. சாறு வந்தபோது அமைதியாகவே இருந்தன. கென்ட் பெரிட்ஜ் என்ற மற்றொரு ஆய்வாளர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். டோபமைன் அறவே குறைந்துபோன எலிகள் இனிப்பைத் தேடிப் போகவில்லை. ஆனால் வாயில் வைத்தால் ரசித்தன. அதாவது, வேண்டும் வேண்டும் என்று தவிப்பது ஒரு பாதை, கிடைத்ததை அனுபவிப்பது வேறொரு பாதை. விளம்பரங்கள் முதல் பாதையைத்தான் தூண்டுகின்றன. "இன்னும் இரண்டே மணி நேரம்" என்று ஓடும் கடிகாரமும், "கடைசி மூன்று உருப்படி" என்ற அறிவிப்பும் அந்தத் தவிப்பைக் குறிவைத்தவையே. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனையில் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதும் ஒன்று.

தவிப்பு உச்சத்தில் இருக்கும் அந்த நிமிடத்தில் நீட்டப்படுவதுதான் "வட்டியில்லாத் தவணை". இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 28,000 ரூபாய்க்குத் தரும் போனை, மாதம் 2,500 வீதம் 12 மாதம் என்று விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000. வட்டி என்ற சொல்லே ரசீதில் இருக்காது. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்குச் சுமார் 13 சதவீத வட்டி. செயலாக்கக் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இதன் பிறகும் அந்த வாக்குறுதி வேறு பெயர்களில் கடை வாசலில் தொங்குகிறது. கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டி வருபவர்களின் நிலைமை இதைவிட மோசம். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் இடத்தில் அந்தச் சிறு தொகை அசலைத் தொடுவதே அரிது.

பணத்தால் மகிழ்ச்சி வராது என்று நான் உபதேசிக்கவில்லை. இல்லாமையின் வலியை அறிந்த யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து, அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று 1978இல் எழுதினார்கள். அது மிகச் சிறிய ஆய்வு. ஸ்வீடனில் பல ஆண்டுகளுக்கு முன் லாட்டரி வென்றவர்களைப் பற்றி 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வு, அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி கூடி, நீண்ட காலம் நிலைத்ததாகக் காட்டியது. அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது பண நிலைமை பற்றிய நிம்மதி. அடுத்த மாதத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை என்ற நிம்மதி. கையில் இருக்கும் சம்பளம் தரக்கூடிய அதே நிம்மதியைத்தான், மகிழ்ச்சி என்ற பெயரில் விற்கப்படும் பொருளுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுகிறோம்.

பொருளோடு நிற்பதில்லை இந்த வியாபாரம். நிறத்தையும் முடியையும் உடல் எடையையும் வெற்றியோடு முடிச்சுப் போட்டு, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைக் கண்ணாடி முன்னால் அழ வைக்கிறது. அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

சிகிச்சையில் மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு மாத்திரை தருகிறேன்; தூக்கம் திரும்பினால்தான் யோசிக்கவே முடியும். ஆனால் தவணைப் பட்டியலை வீட்டாரிடம் காட்டும் நாளில்தான் பலருக்குப் படபடப்பு இறங்கத் தொடங்குகிறது. முழுப் பட்டியலையும், அந்தச் செயலிக் கடன் உட்பட, ஒரே தாளில் எழுதச் சொல்வேன். எந்தக் கடனுக்கு வட்டி அதிகம் என்று பார்த்து, அதை முதலில் அடைக்க வழி தேடச் சொல்வேன். புதிய கடன் வாங்கிப் பழையதைக் கட்டுவதை அன்றோடு நிறுத்தச் சொல்வேன்.

வசூலுக்கு வருபவர்கள் மிரட்டினால் பணிந்துபோக வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காக அழைக்கக் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் கொடுத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் 14416க்கு அழையுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணவனோ மகளோ கடன் கணக்கைச் சொல்ல வாயெடுத்தால், குறுக்கே பேசாமல் கடைசிக் கடன் வரை கேளுங்கள். "யாரைக் கேட்டு வாங்கினாய்" என்ற கேள்வியை அன்றைக்குத் தள்ளிவையுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பாதியோடு நிறுத்தியவர்கள்தான் மீதிப் பாதிக்கு இன்னொரு செயலியைத் தேடிப் போகிறார்கள்.