மெட்டல்: ரோட்டுக்குப் போகும் கல்லுக்கு ஏன் இந்தப் பெயர்?

கொழும்பில் வீடு கட்டுகிறவரிடமும் ரோடு போடுகிறவரிடமும் 'மெட்டல்' என்று சொன்னால் இரும்போ பித்தளையோ அவர்கள் நினைவுக்கு வராது. உடைத்த கருங்கல்தான் வரும். 'முக்கால் மெட்டல் ரெண்டு கியூப் அனுப்புங்க' என்று ஹாட்வெயாருக்குச் சொன்னால், முக்கால் அங்குலக் கல் டிப்பரில் வந்து இறங்கும். கியூப் என்பது 100 கன அடி. இதற்கு மேல் ஒன்றரை மெட்டல், கீழே சிப்ஸ், அதற்கும் கீழே குவாரி டஸ்ட். தூளிலிருந்து பெரிய கல் வரை அளவாகக் கலந்து, காபட் என்ற தார்ப் படைக்கு அடியில் கொட்டி ரோலர் ஓட்டுவது ஏபிசி. கிரவல் வேறு சாதி. ஆங்கிலத்தில் அது சரளை. நம் ஊரில் அந்தப் பெயர் செம்மண்ணோடு கலந்து வரும் கல்லுக்குப் போய்விட்டது.

கல்லுக்கு மெட்டல் என்று பெயர் வந்தது யாரோ தவறாகப் புரிந்துகொண்டதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கல்தான் அந்தச் சொல்லின் பழைய பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிரேக்கத்தில் 'மெட்டல்லோன்' என்றால் சுரங்கம், கல் வெட்டும் குழி. அங்கிருந்து கிடைக்கும் உலோகத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டியது. லத்தீனில் 'மெட்டல்லும்' என்று வந்தபோது இரண்டு பொருளும் இருந்தன. ரோமர் ஒருவனை 'அட் மெட்டல்லா' என்று தண்டித்தால், அவன் காலமெல்லாம் சுரங்கத்திலோ கற்குழியிலோ கிடந்து உழைக்க வேண்டும். அது நமக்கும் அந்நியமான கதை இல்லை. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தபின், அதற்கான கல்லை கொழும்புக்குப் பக்கத்து மஹரவில் உடைத்தவர்களும் கைதிகள்தான். ஆகவே ஆங்கிலத்தின் 'மெட்டல்ட் ரோட்' என்பதை உலோகச் சாலை என்று பெயர்த்தால், நகைப்புக்கு இடமாவதோடு சொல்லின் வேரும் அறுந்துபோகும்.

1816இல் பிரிஸ்டல் வீதிகளைப் பொறுப்பேற்ற ஜோன் லவுடன் மக்கடம் கேட்ட மெட்டலுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது: எந்தக் கல்லும் 6 அவுன்ஸுக்கு மேல் நிறுக்கக் கூடாது. ஆட்கள் குந்தியிருந்து சுத்தியலால் உடைத்தார்கள். பாறையைப் பெயர்க்க அன்று இருந்தது கருமருந்து. அது எரிந்து, வாயுவால் கல்லைத் தள்ளிப் பிளக்கும். 1858இல் கல்லைத் தாடை மாதிரி நசுக்கி உடைக்கும் பிளேக்கின் கிரஷர் வந்தது. 1867இல் நோபல் டைனமைற்றுக்கு உரிமம் எடுத்தார். அது கருமருந்து மாதிரி எரிவதோடு நிற்காது; வெடித்துக் கல்லுக்குள் அதிர்வலையை அனுப்பும். அதன்பின் ரோட்டுக் கல் படிப்படியாக அதிர்வலை ஏறிய கல்லாகியது.

அந்த அதிர்வலை கல்லுக்குள் செய்யும் வேலைதான் இந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் முக்கியமான சங்கதி. பாறையில் துளை போட்டு மருந்து ஏற்றி வெடித்தால், துளையை ஒட்டிய கல் அந்தக் கணமே தூளாகிறது. அதற்கு வெளியே விரிசல்கள் நாலாபக்கமும் ஓடுகின்றன. அலை பாறையின் திறந்த முகப்பை எட்டியதும் திரும்புகிறது; அமுக்கமாகப் போனது இழுவையாக வருகிறது. கருங்கல் அமுக்கத்தைத் தாங்குவதில் மன்னன். இழுவையில் அதன் பலம் அதில் பத்தில் ஒரு பங்கு, சில கற்களில் அதற்கும் குறைவு. ஆகவே அங்கே பிய்கிறது. பின்னால் வரும் வாயு விரிசல்களுக்குள் புகுந்து கல்லைத் தள்ளிச் சரிக்கிறது.

சரிந்து கிடப்பதில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்தில் துளையின் பாதி, பீலி மாதிரி, தெரியும். அதை ஒட்டிய இடம் வெளுத்துப் பொருக்காக இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் மா உதிரும். நாலு அடி தள்ளிக் கிடக்கும் கல்லைச் சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்கிறது. இதைத் தட்டினால் செத்த சத்தம். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் கல்லின் கனிம மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளிலும், கருமைக்கா என்ற கறுப்புக் கனிமத்தின் தகடுகளிலும் ஓடியிருக்கின்றன. துளைக்குத் தேவைக்கு மேல் மருந்து ஏற்றினால் இவை கூடும். கூடுதல் மருந்துக்குக் கல் நன்றாகச் சிதறும், கிரஷருக்கு வேலை குறையும், டீசல் மிச்சம். முதலாளிக்கு லாபமாகத் தெரிவது ரோட்டின் கணக்கில் நட்டமாக ஏறலாம்.

'ஏறலாம்' என்று சொல்வதற்குக் காரணம், கிரஷரும் இதில் ஒரு கை பார்க்கிறது. அது கல்லை வெடிப்பு ஓடிய இடத்தில்தான் முதலில் உடைக்கும். உடைய உடைய, பலவீனம் செலவாகிவிடும். சிப்ஸாகும்போது பெரும்பாலான விரிசல்கள் தீர்ந்திருக்கும். ஒன்றரை மெட்டலிலும் அத்திவாரத்து ரபிளிலும் அவை அதிகம் தங்கும். ஆய்வுகூடத்தில் மோதல் பெறுமானம் பார்ப்பதோ 10 முதல் 14 மில்லிமீற்றர் கல்லில். சுமார் 14 கிலோ சம்மட்டி 380 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 15 தடவை விழும், 2.36 மில்லிமீற்றர் சல்லடையால் விழுந்த தூள் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் விடை. எண் குறைந்தால் கல் திறம். ஆனால் பெரிய கல்லுக்குள் இருக்கும் வெடிப்பை இந்தச் சின்னக் கல் முழுதாகக் காட்டிக்கொடுக்காது என்பது என் எண்ணம். கூடவே நீர் உறிஞ்சும் அளவையும் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் தண்ணீர் ஏறும். கொழும்பு மாதிரி மழை ஊரில் ஏறிய தண்ணீர் டயர் அமுக்கத்தில் கல்லையும் தாரையும் பிரிக்கப் பார்க்கும்.

எல்லாப் பழியும் வெடிக்கு இல்லை. பாறையின் குணமே பெரிய பங்கு. கருமைக்கா மிகுந்த நைஸ் (gneiss) என்ற வரிப்பாறை உடைக்கும்போது தட்டைத் தட்டையாக வரப் பார்க்கும். சார்னோக்கைற்று என்ற பாறை இறுகிய கல். அந்தப் பெயர் கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. கல் போனதோ சென்னைப் பக்கத்துப் பல்லாவரக் குன்றுகளிலிருந்து. அதே இனப் பாறை நம் மலைநாட்டிலும் பரவிக் கிடக்கிறது. வெடியைப் பொறுத்தவரை, மருந்தை அளவாகப் பிரித்து ஏற்றி, துளைகளை மில்லிசெக்கன் இடைவெளிவிட்டு அடுத்தடுத்து வெடித்தால் கல்லும் நல்லது, அக்கம்பக்கத்து வீட்டுச் சுவரும் நல்லது.

தமிழில் என்ன சொல்வது? சரளை சரிவராது, அது ஆற்றோடு உருண்டு மழுங்கிய கல், ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காது. நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: சல்லி. 'சல்லி சல்லியாக நொறுங்கிப் போச்சு' என்கிறோமே, அதே சல்லி. தமிழ்நாட்டில் அது ஜல்லி. கொழும்பில்தான் ஒரு சங்கடம். இங்கே தமிழனும் சிங்களவனும் சல்லி என்றால் காசைத்தான் நினைப்பார்கள்; 'சல்லி வந்திட்டுதா?' என்று சைட்டில் கேட்டால் மேசன் வேறு அர்த்தத்தில் சந்தோஷப்படுவார். அதனால் எழுத்தில் 'கருங்கற்சல்லி' என்று முழுதாக எழுதுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் உள்ளூரில் கிடைப்பது சுண்ணாம்புக்கல் என்பதால் அங்கும் இந்தப் பிரிப்பு உதவும். குவாரிக்கு 'கல்லகழ்வு' போதும், மணல் அகழ்வு என்று தினமும் பத்திரிகையில் படிக்கிறோமே. விலைமனுவில் '20 மில்லிமீற்றர் கருங்கற்சல்லி' என்று எழுதிவிட்டு, டிப்பர்காரரிடம் முக்கால் மெட்டல் என்றே கேளுங்கள்.